இன்னா வெயிட்டு?

ஜனவரி 11, சனி

61.8

ஜனவரி 12, ஞாயிறு

62.3. தங்கச்சி எப்போதும் அப்பாவின் பாதத்தையும் சேர்த்துத்தான் போட்டோ எடுக்கிறாள். தராசின் எண் மட்டும் போதும் என்று சொன்னாலும் கேட்பதில்லை. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடப் பழகிக்கொண்டேன்.

ஊருக்குப் போக நான் காத்திருக்கும் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வராது என்று தெரிந்தும் கீழே இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீட்சா கடை விளம்பரம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இண்டக்‌ஷன் அடுப்பில் பால் பொங்கவே மாட்டேன் என்கிறது. பொங்கப் போகிற நேரத்தில் அதுவே அணைந்துகொள்கிறது.

அங்கே சென்னையில் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் தண்ணீர்தான். கஞ்சி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்குக்குள். பொங்கலில் விட்ட பாலும் கணக்கில் சேருமா என்று அம்மா டாக்டருக்கே போன் போட்டிருக்கிறாள்.

அப்பா போனை வாங்கி முதலில் கேட்டது, "அந்த போட் சந்தை என்னிக்குடா?"

"சனிக்கிழமை ஆரம்பிக்குதுப்பா."

"போய்ட்டு வா. ரேஸ் போட்டா பாரு. பணக்காரன் போட்டுல ஏறி போட்டோ புடிச்சிக்கினு வராத."

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வாடை இன்னும் விடவில்லை, ராயபுரத்தில் அலை பெரிசாக இருக்கிறது என்றார்.

ஜனவரி 16, வியாழன்

62.6. கடிதம் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

62.9. நீர் இறக்கும் மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்தாராம். எழுந்தால் நல்லதுதானே, போனால்தானே இறங்கும்? யாரிடமாவது கேட்க வேண்டும்.

ஜனவரி 18, சனி

விடிகாலையில் விழிப்பு வந்ததும் போனைத்தான் தேடினேன். அங்கே ஆறு மணிக்கு நிறுத்துப் பார்த்தால் இங்கே ஒன்றரை. தூக்கத்திலேயே வந்து கிடக்கும். 62.9. ஏறவில்லை. சரி, கிளம்பலாம் என்று கிளம்பிவிட்டேன்.

டுசல்டார்ஃப் ஸ்டேஷனிலிருந்து யு78. நிற்கக்கூட இடமில்லை. வழக்கமாக இந்த வண்டியில் யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். இன்றைக்குப் பாதிப் பேர் கீல், ரட்டர் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். கண்காட்சியில் நிறைய அரங்குகள். பாய்மரப் படகுகள் 15லும் 16லும். மோட்டார் படகு அரங்கை அப்பா சொன்னபடி தலையைக் குனிந்துகொண்டே கடந்தேன். குனிந்தும் ஒன்று கண்ணில் பட்டது. மாடி வைத்த வீடு.

பாய்மர அரங்குக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் ஓரமாக நின்றுவிட்டேன். தண்ணீரில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத பாதிதான் இங்கே முதலில் தெரிகிறது. கீல், அதாவது படகின் அடியில் நீண்டிருக்கும் கனத்த தகடு, தலைக்கு மேலே தொங்குகிறது. சுக்கான் இரண்டு வைத்திருக்கிறார்கள், படகு ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஒன்றாவது தண்ணீரில் இருக்க வேண்டுமென்று. பெரிய படகுகளில் ஏற வேண்டுமென்றால் செருப்பு, ஷூ கழற்றிவிட்டுத்தான். பாய்மரப் படகு கிளப்பில் அப்பா இதற்காக ஒரு நீதிபதியையே திட்டியிருக்கிறார். ஷூ அடியில் ஒரு மணல் இருந்தால் போதும், பாலிஷ் போச்சு.

முதலில் லேசர் என்ற ஒற்றையாள் பாய்மரப் படகைத்தான் தேடினேன். 2019இலிருந்து அதற்கு ஐஎல்சிஏ என்று பெயர். அப்பாவிடம் அந்தப் பெயர் எடுபடாது. 1969இல் புரூஸ் கர்பி என்ற கனடாக்காரர் போனில் பேசிக்கொண்டே கிறுக்கிய படம். இன்றைக்கும் அதே கோடு, அதே 4.2 மீட்டர். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியதும் இதே உடல்தான், பாய் மட்டும் சின்னது. சுற்றிலும் புதுசு புதுசாக நிற்கும்போது இது தெருமுனைச் சைக்கிள் கடை மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

வீடியோ கால் போட்டேன். சட்டை இல்லாமல், மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்றா? போன வாரம் இரண்டு.

"தட்டு. பாய்மரம் நிக்கிற ஓட்டையாண்ட தட்டு."

விரல் முட்டியால் தட்டினேன். டக், டக்.

"இன்னும் கொஞ்சம் பின்னால... ம். கேக்குதா? அது புதுசு. தண்ணி குடிச்சதுன்னா தொப்பு தொப்புன்னு வரும்."

கடைப் பையன் பார்த்துக்கொண்டே வந்தான். அப்பா படகு ரிப்பேர் பார்ப்பவர் என்று ஜெர்மனில் சொன்னேன். உடனே திரையைப் பார்த்துக் கை ஆட்டினான். அப்பா அவனைக் கவனிக்கவில்லை.

"இன்னா வெயிட்டுடா அது?"

"59 கிலோதான்பா. மாறல."

"டாக்டரு என்னை 58க்குக் கொண்டாரணும்னு சொல்றாரு. லேசரவிட ஒரு கிலோ கம்மி." சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அம்மா போனை வாங்கிவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

62.1! எண்ணூறு கிராம்! மூன்று தடவை அந்தப் போட்டோவைத் திறந்து பார்த்தேன். இன்றைக்கு அவர் பாதத்தையும் பார்த்தேன்.

வெயில்கூட அடித்தது இங்கே. அதனால் நேற்று விட்டுப்போனதை எழுதுகிறேன். டேலர் 30 ஓடி. இரண்டே ஆட்கள் ஓட்டுகிற பந்தயப் படகு. ஏறிப் பார்க்க முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். எஞ்சின் விசிறியைக்கூட உடலுக்குள் மடக்கி மூடிவிடலாம், ஓடும்போது தண்ணீர் இழுக்கக் கூடாதென்று. என்னைப் பிடித்துக்கொண்டது அதுவல்ல. இரண்டு பக்கமும் உள்ளே தொட்டி. பக்கத்துக்கு 200 லிட்டர் கடல்தண்ணீர் ஏற்றலாம். பெரிய படகில் ஏழெட்டுப் பேர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து சாய்வைச் சமன் செய்வார்கள். இதில் இரண்டு பேர்தான், அதனால் மற்றவர்களின் பாரத்துக்குத் தண்ணீர். பக்கம் திருப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வால்வைத் திறந்தால் மேல் பக்கத் தண்ணீர் தானாகக் கீழ்ப் பக்கத்துக்கு இறங்கும். திருப்பினால் அதுதான் மேல் பக்கம். காற்று விழுந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு லேசாகப் போகலாம்.

அப்பாவிடம் சொன்னேன். வெகு நேரம் பேச்சே இல்லை.

"வேணும்னே தண்ணி ஏத்திக்கிறானா?"

"ஆமாம்பா. வேணாம்னா கொட்டிடலாம்."

"கொட்ட முடியுதில்ல. அப்ப சரி."

ஜனவரி 20, திங்கள்

62.0. வேலை. கடிதம் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

62.4. ஏன்? ஞாயிறு இறங்கியதெல்லாம் வீணா? ஊறுகாய் தொட்டுக்கொண்டாரா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அப்படியென்றால் தொட்டிருக்கிறார்.

நேற்று டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தாராம். இடது பக்கம் கீழே சத்தம் மந்தமாக இருக்கிறது என்றாராம். அதை அப்பா தொழில்காரர் சக தொழில்காரரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். "விரலு மேல விரலு வச்சித் தட்றான். நல்லா கத்துனுகீறான்."

கிளப் ஷெட்டில் ஒரு பழைய லேசர் இருந்தது. 59 இருக்க வேண்டியது 66. மரம் நிற்கிற குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு நானும் அப்பாவும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று, ஊற்றியதெல்லாம் உடலுக்குள். தளத்தில் ஒரு வட்ட ஓட்டை போட்டு, அறுபது வாட் பல்பை உள்ளே தொங்கவிட்டார். மூன்று வாரம். ராத்திரியில் படகு முழுக்க உள்ளிருந்து மஞ்சளாகத் தெரியும். பரீட்சைக்கு அந்த வெளிச்சத்தில் படித்திருக்கிறேன். கடைசியில் 61க்கு வந்தது. அந்த இரண்டு கிலோ எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அப்பாவுக்குத் தெரியவில்லை.

"எனக்கும் ஒரு பல்பு உட்டா சரியாப்பூடும்" என்றார் இன்றைக்கு. நான் மறந்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம்.

ஜனவரி 22, புதன்

62.4. மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். வார நாள், கூட்டம் பாதி.

ஆர்எஸ் ஏரோ. 4 மீட்டர், உடல் 30 கிலோ. லேசரில் பாதி. ஒரு பெண் தனியாகத் தூக்கிக் காட்டினாள். அப்பா நம்பவில்லை. "முப்பதா? கரையில் கட்டிப்போடலன்னா பறந்துபூடும்."

ஜே/70. 6.93 மீட்டர், 794 கிலோ. நல்ல படகு. அதைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை.

வாஸ்ப் உண்மையிலேயே பறக்கிறது. அடியில் இறக்கை. மூக்கிலிருந்து ஒரு கோல் தொங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வரும். படகு மேலே ஏற ஏறக் கோல் கீழே தொங்கும், அது ஒரு கம்பியைத் தள்ளி இறக்கையின் வாலைத் திருப்பி ஏற்றத்தைக் குறைக்கும். எஞ்சின் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு குச்சி. குருடர் கைத்தடி மாதிரி. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கோலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்து ஏழு வயசுப் பையன் ஒருவன் காத்திருந்தான்.

பிறகு சன் ஃபாஸ்ட் 30. இதன் ரெசினைப் பற்றித்தான் அப்பாவிடம் அரை மணி நேரம் பேச்சு. எலியம் என்று பெயர். சாதாரண ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்தால் சூடேறி இறுகும், அவ்வளவுதான். அப்புறம் அதை உருக்க முடியாது. வெட்டலாம், புதைக்கலாம், கொளுத்தினால் ஊரே இருமும். 2004 சுனாமிக்கு அப்புறம் வந்து குவிந்த ஃபைபர் படகுகளில் உடைந்தவை இன்னும் காசிமேட்டில் கிடக்கின்றன. இந்த எலியத்தை மறுபடி பிரித்தெடுக்கலாமாம், இழை வேறாக, ரெசின் வேறாக.

"கெட்டியானதுக்கு அப்புறம் எப்டிடா பிரியும்?"

எனக்குத் தெரிந்த வேதியியலைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"எங்கப்பன் மரம் அப்டித்தான்" என்றார். தாத்தாவின் கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகப் பிரித்து மணலில் காயப் போடுவார்களாம். கடலில் ஊறி ஊறிக் கனம் ஏறியிருக்கும். வெயிலில் அது வடிந்த பிறகு மறுநாள் மறுபடி கட்டுவது. இந்த ஊரில் இரண்டு உடல் வைத்த படகையெல்லாம் கட்டமரான் என்கிறார்கள். பல கோடி விலையில் அரங்கு நிறைய நிற்கின்றன. கட்டவும் இல்லை, மரமும் இல்லை.

வரும் வழியில் பாயில் ஒட்டுகிற காற்று நூல் ஒரு பாக்கெட் வாங்கினேன். சிவப்பும் பச்சையும். அப்பா பழைய கேசட் டேப்பை வெட்டித்தான் ஒட்டுவார். லேசான காற்றுக்கு அதுதான் முதலில் அசையும்.

"நூலுக்கு துட்டு குட்தியா?"

ஜனவரி 23, வியாழன்

62.8. தங்கச்சியோடு சண்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை, நேற்று எத்தனை டம்ளர் என்றுதான் கேட்டேன். "நீ அங்க உக்காந்து கிராம் கணக்கு பாரு. போட்டு பாரு. இங்க ராத்திரி அவரைத் தூக்கி உக்கார வைக்கிறது நாங்க." வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் கோபம். கடிதம் வராமல் நான் இந்த ஊரை விட்டு நகர முடியாது என்று அவளுக்குத் தெரியும். கடிதம் வராதது எனக்கு வசதியாக இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியுமோ?

ஜனவரி 24, வெள்ளி

வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையைப் பிரிக்கவே ஒரு மணி நேரம்.

62.8

ஜனவரி 25, சனி

62.2. டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு. திங்கள் அப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்), அதற்கு நான் இருக்க முடியாது.

அப்பாவிடம் சொன்னதற்கு, "இன்னும் ஒரு நாள் கீதே சந்தை. அந்த தண்ணி ஏத்துற போட்ட மறுக்கா பாத்துட்டு வா. தொட்டி எங்க நிக்குது, வால்வு எங்கன்னு போட்டோ எடு" என்றார். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

61.7.

போனேன். கடைசி நாள், எல்லார் முகமும் தூங்கி வழிந்தது. தொட்டி மெத்தைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மெத்தையைத் தூக்கலாமா என்று கேட்டேன், தூக்கினார்கள். பதினொரு போட்டோ. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. தூங்கியிருப்பார். இரண்டு தலையணையா, மூன்றா என்று கேட்டு அழித்துவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

காலைப் போட்டோ வரவில்லை. எக்கோவுக்குச் சீக்கிரம் கிளம்பியிருப்பார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன், பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்தேன். 21.6. விமானத்தில் 23 வரை. அம்மாவுக்குப் பாதாம், தங்கச்சிக்குச் சாக்லேட், நூல் பாக்கெட் எடையே காட்டவில்லை. இன்னும் 1.4 வைக்கலாம்.

மணி பதினொன்று. அங்கே மூன்றரை.