வேலைக் கொடுத்த செட்டியார்

என் தாத்தாவைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, சென்னைச் சிற்றிதழ் ஒன்றின் ஆசிரியரிடமிருந்து சென்ற வாரம் திருத்தங்களுடன் திரும்பி வந்தது. வேர்டில் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு. திருத்தங்களைத் தடம் காட்டும் ட்ராக் சேஞ்சஸ் வசதியில் அவர் சேர்த்தவற்றின் அடியிலும் நீக்கியவற்றின் குறுக்கிலும் கோடுகள் ஓடியதால், முதலில் நோ மார்க்கப் என்பதைத் தேர்ந்து, எல்லாத் திருத்தங்களையும் ஏற்றால் கட்டுரை எப்படி இருக்கும் என்று படித்துப் பார்த்தேன். (அதில் கோடுகள் மறையுமே தவிர, திருத்தங்கள் கோப்பிலேயே இருக்கும்.) யாங்கோனில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஒரே சொடுக்கில் அனைத்தையும் ஏற்றுவிடலாமா என்ற சபலமும் எழுந்தது.

நல்லவேளை, ஏற்கவில்லை. "செட்டியார் தாத்தாவுக்கு வேலை கொடுத்தார்" என்ற இடத்தில் ஓர் ஒற்று நுழைந்து, "வேலைக் கொடுத்தார்" என்றாகியிருந்தது; உத்தியோகம் போய், முருகன் கை வேல் வந்துவிட்டது. பர்மாவில் தண்டாயுதபாணிக்குக் கோயில்கள் எழுப்பிய நகரத்தார் வேலைக் கொடுப்பது பொருத்தமே. ஆனால் தாத்தாவுக்குக் கிடைத்தது கணக்கெழுதும் உத்தியோகம். மற்ற ஒற்றுகளிலெல்லாம் அவர் சொன்னதே சரி என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஊர்ப்பெயரில்தான் எங்களுக்குள் உண்மையான வழக்கு. ரங்கூன் யாங்கோனானதும் பெகு பாகோவானதும் 1989இல். கட்டுரையோ 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபின், தாத்தா குடும்பத்தோடு பெகுப் பக்கம் ஓடியதைச் சொல்வது. ஆசிரியர் 'ரங்கூன்' என்பதைத் தேடி ஒட்டுமொத்தமாக 'யாங்கோன்' என்று மாற்றியிருக்கிறார். வேற்றுமை உருபு சேரும்போது இறுதிப் புள்ளி மறைந்துவிடுவதால், 'ரங்கூனில்', 'ரங்கூனுக்கு' ஆகியவை அந்தத் தேடலில் சிக்கவில்லை. விளைவு, தாத்தா ரங்கூனில் படுத்து யாங்கோன் துறைமுகத்தின் சங்கொலி கேட்டு விழித்தார்.

அந்த 'யாங்கோன்' திருத்தங்களை ஒவ்வொன்றாக மறுத்தேன். ஆனால் மறுத்துவிட்டால் அந்தத் திருத்தம் இருந்த சுவடே கோப்பில் இராது. அவர் கவனிக்காமல் மறுபடியும் மாற்றக்கூடும். எனவே முதல் 'ரங்கூன்' அருகே ஒரு கமென்ட் இட்டு, ஆண்டையும் காரணத்தையும் எழுதினேன். மொகிங்காவை இடியாப்பம் என்று மாற்றியிருந்ததற்கும் ஒரு கமென்ட்: மீன்சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்டுக் காலையில் உண்பது அது, இடியாப்பம் எங்கள் வீட்டில் வேறு, அதற்குத் தேங்காய்ப்பால்.

நேற்றிரவு பதில் வந்தது. ரங்கூனுக்குச் சம்மதித்துவிட்டார்; மொகிங்காவுக்கு மட்டும் அடிக்குறிப்பு கேட்கிறார்.