பெரியம்மை வீட்டுக் கூரையும் பதினாலு வாலிபர்களும்

காந்தி ஜெயந்தி லீவுக்கு டவுன் கிறிஸ்தவச் சபையிலிருந்து வாலிபர் சங்கம் வந்து நம்ம பெரியம்மை வீட்டுக்கு ஓடு மாற்றிவிட்டுப் போன சங்கதி தெருவில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. வேனில் பதினாலு பேர். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் வீடு கட்டுவதைப் பற்றி ஒரு வசனம். ஏணி ஒன்றே ஒன்று. மெஞ்ஞானபுரம் வேதக்கோவில் கோபுரத்துக்கு, அந்த 192 அடிக்கு, ஏறக் கிளம்பியவர்கள்தான் வழி தப்பி இங்கே வந்துவிட்டார்களோ என்று நினைக்க வைக்கிற ஏணி. பெரியம்மை வீட்டுத் தாவாரமோ குனிந்து நுழைந்தாலே நெற்றியில் இடிக்கும்.

முதலில் ஜெபம். ஜெபத்துக்கு முந்தி ‘ரெண்டே வார்த்தை’. நம்ம நெல்லைச் சீமைச் சபை வரலாறுதான் அந்த ரெண்டு வார்த்தை. அது 1799-ல் முதலூர் என்கிற கிறிஸ்தவக் கிராமத்தில் புறப்பட்டது. 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. 1830-ல், கிறிஸ்தவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுத்த தர்ம சங்கம் ஆரம்பித்தது. பெரியம்மை எழுந்து உள்ளே போய் அரிசி களைந்து, உலையில் போட்டு, தீயைத் தள்ளிவைத்துவிட்டு வந்தாள். “கால்டுவெல் ஐயரு இன்னுமா நடந்து வாராவ?” என்று பக்கத்தில் கேட்டாள். 1841-ல் ஒருவழியாக அவரும் இடையன்குடி வந்து சேர்ந்தார், ஆமென் சொன்னோம்.

இடையன்குடித் தெருவை நூல் பிடித்தாற்போல அமைத்த மனுசன் அவர். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் கையில் ஒரு முழம் நூல் இல்லை. எதிர்த்திண்ணையில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்த கொத்தனார் சித்தப்பா இதை அப்போதே கவனித்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் இறங்கி வரவில்லை. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, இதைப் பார்க்காமல் விடக்கூடாது என்கிற முகம்.

“எங்க ஒழுகுது பாட்டி?” என்று தலைவர் தம்பி கேட்டான். பெரியம்மை பேசவில்லை. ஏனங்களை எடுத்து வந்து தரையில் வைத்தாள். கட்டில் தலைமாட்டில் சருவச்சட்டி, பெட்டிக்கு முன்னால் குத்துப்போணி, அடுப்படி மூலையில் ஈயச்சட்டி என்று ஏழு. முன்னெல்லாம் மூன்றுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பிறகு ஏழு. தம்பி ஒவ்வொரு ஏனத்துக்கும் நேர் மேலே இருக்கிற ஓடுகளைப் படம் பிடித்தான். “எய்யா, சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது” என்றாள் பெரியம்மை. உள்ளதைத்தான் சொன்னாள். விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கத்தையோ சாய்வாக இறங்கும் கைமரத்தையோ பிடித்துக்கொண்டு சரிவில் ஓடி, குறுக்கே அடித்த ஒரு ரீப்பர் சட்டமோ கணுவோ தடுக்கிற இடத்தில்தான் சொட்டும். சொட்டுகிற இடத்திலிருந்து கூரை உச்சி மோட்டுவளைப் பக்கமாக மேலே தேடிக்கொண்டு போகவேண்டும். தென்னவாரியலைத் தலைகீழாகப் பிடித்து ஒவ்வொரு விரிசலையும் தட்டிக் காட்டினாள். அத்தனைக்கும் சேர்த்து முப்பது ஓடு மாற்றினால் போதும். பெரிய ஓட்டையே இல்லை.

ஆனால் ஒரு புண்ணியவான் ஐநூறு புது ஓடு வாங்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்தாகிவிட்டதே, போடாமல் இருக்கலாமா?

கணக்கு என்னவோ சரிதான். சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, நூறு சதுர அடிக்குச் சுமார் நூற்று நாற்பது பிடிக்கும். ரெண்டு சரிவும் சேர்ந்து முந்நூற்றறுபது சதுர அடி, ஆக ஐநூறு. ஓடு ஒன்று ரெண்டரை கிலோ என்றால் அந்தப் பனங்கைமரங்களின் மேல் ஒன்றேகால் டன் உட்கார்ந்திருக்கிறது. இதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். உற்சாகத்தில் முன்சரிவை மட்டும் துடைத்துப் பிரித்துப் போட்டார்கள். பின்சரிவு முழுப் பாரத்தோடு அப்படியே நிற்கிறது. மோட்டுவளை பின்னால் சாய்ந்து ‘நறுக்’ என்றது. சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஏல, இறங்குங்கல எல்லாவனும்! ரெண்டு பக்கமும் சமமாப் பிரிக்கணும்ல!” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதோடு திண்ணை காலி. அவர் தலைமையில் பின்சரிவிலும் பாதியைக் கழற்றிய பிறகுதான் மோடு நிதானத்துக்கு வந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தக் கால் விவகாரம். ஓட்டின் மேல் நடக்கிறவன் ரெண்டு வரிசை ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் ரீப்பர் தாங்குகிற இடமாகப் பார்த்து மிதிக்கவேண்டும், இல்லையென்றால் பலகை போட்டு நடக்கவேண்டும். நட்ட நடுவில் மிதித்தால் எந்த ஓடும் தாங்காது. ஒரு தம்பி மிதித்தான். அடுப்படிக்குள் சோறு கொதிக்கிற பானைக்கு நேர் மேலே ஒரு முழங்கால், அதன் கீழே ஒரு கான்வாஸ் ஷூ, ரெண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பெரியம்மை பானையை மூடியால் மூடினாள். அண்ணாந்து பார்த்து, “ஏ எய்யா, செருப்பக் கழத்திட்டு ஏறப்படாதா?” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது ஆணி. கைமரமெல்லாம் பெரியப்பா காலத்துப் பனை, உள்ளே இருக்கும் மெத்தென்ற சோத்தி நீங்கி வெறும் வைரம். ரெண்டரை இஞ்சு ஆணியை நேரே வைத்து அடித்தால் ஆணிதான் மடங்கும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. முதலில் டிரில் மிஷினால் ஆணியைவிடக் கொஞ்சம் சிறிதாகத் துளை போட்டுக்கொள்ளவேண்டும். ஒரு கிலோ ஆணி முழுக்க மடங்கிய பிறகுதான் மிஷினுக்கு ஆள் போனான். ஒரு வேலையை மட்டும் அருமையாகச் செய்தார்கள். கைமரத்தில் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியை ஒவ்வொன்றாகக் குத்தூசியால் குத்திப் பார்த்தார்கள். செல்லரிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும், வெளியே பார்த்தால் மரம் கல்மாதிரி இருக்கும். கெட்டுப்போன ரெண்டையும் கண்டுபிடித்தது பதினாலு பேரில் வாயே திறக்காத அந்தக் கண்ணாடிக்காரப் பையன். அவனை ஒரு படத்தில்கூடக் காணோம்.

படம் என்றதும் அந்த 1865 ஓடு. பழைய ஓடுகளை அடுக்கும்போது ஒன்றின் அடிப்பக்கத்தில் ‘பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ் 1865’ என்று இங்கிலீஷ் முத்திரை. உடனே வேலை நின்றது. நூற்றறுபது வருசத்து ஓடாம்! பதினாலு பேரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் அதோடு படம் எடுத்தார்கள், தலைவர் தம்பி கண் கலங்கினான். மங்களூரில் மிஷனரிமார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருசம் அது. பின்னால் சுட்ட ஓட்டிலும் அதே வருசத்தைத்தான் குத்துவார்கள். பெரியம்மை கல்யாணமாகி வந்த பிறகுதான் இந்த வீட்டில் பனையோலை போய் ஓடே வந்தது. அதை அவள் சொல்லவில்லை, சொல்லவிடவும் இல்லை. “கெடக்கட்டும், பிள்ளைய சந்தோசமா இருக்கு” என்றாள்.

மத்தியானத்துக்கு மேல்தான் உண்மையான வில்லங்கம் தெரிந்தது. பழைய ஓடும் புது ஓடும் சேரவில்லை. ஒரு சூளை ஓட்டின் காடிப் பள்ளத்தில் இன்னொரு சூளை ஓடு உட்காராது. நூலளவு வித்தியாசம் வந்தாலும் இடைவெளி விழும், காற்றோடு அடிக்கிற ஐப்பசி மழை அது வழியாக உள்ளே வரும். அதற்குச் சித்தப்பா சொன்ன வழி ஒன்றுதான்: முன்சரிவு முழுக்கப் புதுசு, பின்சரிவு முழுக்கப் பழசு, கலக்கவே கூடாது. ரெண்டு புது ஓட்டைக் கோத்து வைத்து அளந்தார். ரீப்பருக்கு ரீப்பர் பன்னிரண்டரை இஞ்சு வந்தது. அந்த அளவுக்கு ஒரு கட்டை வெட்டிக் கொடுத்து, நூல் பிடிக்கச் சொன்னார். தாவாரத்து ரீப்பரை மட்டும் ஒரு ஓட்டின் கனத்துக்கு உயர்த்தி அடிக்கவேண்டும். கடைசி வரிசைக்குக் கீழே தாங்க வேறு ஓடு கிடையாது. உயர்த்தாவிட்டால் அந்த வரிசை தொங்கி, தண்ணீர் சுவரைப் பார்த்து ஓடும். மோட்டு ஓடுகளைத் தொட்டியில் ஊறப்போட்ட பிறகுதான் கலவையில் பதிக்க விட்டார். காய்ந்த ஓடு கலவையிலிருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அப்புறம் கலவை பிடிக்காமல் பொடிந்து உதிரும். நடுவில் ஒருவன் மண்சுவருக்குச் சிமெண்ட் பூசலாமே என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். மண்ணும் சிமெண்டும் ஒட்டாது, உள்ளே ஈரம் நின்று ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். வெள்ளையடித்தால் போதும் என்று முடிந்தது.

சாப்பாட்டைச் சொல்லவேண்டாமா? பதினாலு பேர், டிரைவர், சித்தப்பா, வேடிக்கை பார்த்த நாங்கள். முட்டையிடுகிற கோழி ரெண்டு போயிற்று. கருப்பட்டிக் காப்பி ரெண்டு நடை. சபை விருந்தான அசனத்துக்குப் போட்ட பந்திதான், பண்டிகை மட்டும் இல்லை. முப்பது ஓட்டு விலையும் ஒரு கொத்தனார் கூலியும் போட்டுப் பார்த்தால் கோழி விலை அதைத் தாண்டிவிடும் என்று சித்தப்பா கை கழுவும்போதே கணக்குச் சொன்னார். “ஏழைக்கு ஊழியம் செய்ய வந்த பிள்ளைகளை வெறும் வயித்தோட அனுப்பவா?” என்று பெரியம்மை அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது பிரச்சினை வேறு. மிச்சம் நின்ற புது ஓடு இருநூற்றுச் சொச்சம் பெரியம்மை வாசலில் அடுக்கியிருக்கிறது. பட்டியலில் அடுத்த வீட்டுக்காம். பட்டியல் என்ற சொல் காதில் விழுந்ததும் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக வறுமை வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கூடத் தன் மாட்டுத்தொழுவத்தில் நாலு ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சபை உபதேசியாரைக் கூட்டிவந்து காட்டினார். பெரியம்மை தினம் காலையில் அடுக்கை எண்ணி, புது வெள்ளைச் சுவரிலேயே அடுப்புக்கரியால் குறித்து வைக்கிறாள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற அண்ணாச்சி வீட்டுக் குளியலறைக்குப் புது ஓடு ஏறியிருக்கிறது. கேட்டால், கொல்லத்திலிருந்து வரவழைத்தது என்கிறார். எந்தச் சூளை என்று முத்திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அது அடிப்பக்கத்தில் அல்லவா இருக்கும்? அதனால் பெரியம்மை ரெண்டு நாளாக, “அண்ணாச்சி, உங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணியாமே, ஒரு நாளு வந்து குளிச்சிட்டுப் போறேன்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் மோட்டார் ரிப்பேர் என்கிறார்.