தம்பிக்கு ஜெர்மனியில் ஒரு ரூம்

கீழக்கரை, 4 அக்டோபர் 2025, சனி

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். ஆண்பிள்ளைக்கு வீடு தேடி யாருக்கும் பழக்கமில்லை. வாப்பா பழைய சபுராளி, வெளிநாட்டில் சம்பாதித்தவர். துபாயில் கம்பெனி ரூம், அப்புறம் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸ் என்று காலத்தை ஓட்டியவர். தம்பி போயிருப்பதோ டார்ட்முண்டுக்கு. இப்போதைக்குத் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவனின் ரூமில் ஒண்டியிருக்கிறான்.

இன்று ஒரு விளம்பரம் அனுப்பினான். நடு ஊரில் தனி வீடு, பாதி வாடகை. சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறாராம். அட்வான்ஸ் போட்டால் சாவி கூரியரில் வருமாம். வாப்பா போனைப் பிடுங்கி, "கதவைத் திறந்து பார்க்காம காசு போடாதே வாப்பா" என்றார். அத்தோடு சரி.

9 அக்டோபர், வியாழன்

280 யூரோவுக்கு ஒரு ரூம். ஆனால் "அன்மெல்டுங் கிடையாது" என்கிறார் வாடகைக்கு விடுபவர். முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துத் தரமாட்டாராம். உம்மாவுக்கு வாடகை பிடித்துவிட்டது. நான்தான் வேண்டவே வேண்டாம் என்றேன். அங்கே குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவத்தை 2015 நவம்பரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பதியாவிட்டால் வரி எண் வராது, விசா நீட்டிப்பு நகராது. இங்கே வாய்ப்பேச்சிலேயே பத்து வருஷம் குடியிருப்பவர்கள் உண்டு. அங்கே அந்தக் கையெழுத்துக்குத்தான் வாடகையே.

18 அக்டோபர், சனி

ரூம் அமைந்தது, மூன்று பேர் பகிரும் வீட்டில். வெறும் வாடகை 310, ஹீட்டர், தண்ணீர் சேர்த்து 390. அட்வான்ஸாக மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் விடாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். சென்னை வீட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

தபால்பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடுமாம். தம்பி ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது வாப்பாவின் பெயர். அதையே கொட்டை எழுத்தில் எழுதி, மேலே செல்லோடேப், ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு. "எனக்குக் கடைசி வரைக்கும் கம்பெனி பி.ஓ. பாக்ஸ்தான்" என்று சொல்லியபடி வாப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

26 அக்டோபர், ஞாயிறு

காலையிலிருந்து மழை. தம்பியின் போன் ஒரு மணி நேரம் பிந்தியது. அங்கே இன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். இனி நாலரை மணி வித்தியாசம்.

நகர அலுவலகத்தில் யாரோ ரத்து செய்த நேரம் கிடைத்து, வெள்ளிக்கிழமை பதிவு முடிந்தது. படிவத்தில் மதம் கேட்கிறார்கள். தங்கச்சிமடத்துப் பையன் போன வருஷம் வெள்ளந்தியாகக் கத்தோலிக்கன் என்று எழுதிவிட்டான். வேலைக்குச் சேர்ந்ததும் வருமான வரியில் 9 சதவீதம் தேவாலய வரியாகப் போகிறது. ஞாயிறு காணிக்கை வேறு போடுகிறானாம், பாவம்.

15 நவம்பர், சனி

வரி எண் தபாலில் வந்துவிட்டது. பின்னாலேயே இன்னொரு கடிதம்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. "டிவியே இல்லையே லாத்தா" என்று பதறினான். டிவி இல்லாவிட்டாலும் உண்டு. ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான். கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார். அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதிப் பதில் போடச் சொன்னேன்.