நகத்தால் அழுத்தினாலும் கேட்ட போன்

டச் போன் என்றாலே கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் இப்போது எல்லாருக்கும் நினைப்பு. நான் முதலில் வைத்திருந்த நொக்கியா 5230 அப்படி இல்லை. தடவினால் போதாது, அழுத்த வேண்டும், அழுத்தினால் உள்ளே லேசாக ஒரு அதிர்வு வரும், அப்போதுதான் கேட்டது என்று அர்த்தம். பழைய போன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அழுத்துகிற ஸ்கிரீனை அரைகுறை வேலை மாதிரிப் பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. மழையிலும் குளிரிலும் தேயிலைக் கொழுந்து எடுக்கிற கைகளுக்கு அதைவிடப் பொருத்தமான டச் ஸ்கிரீன் இன்றுவரை வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் நிறையப் பேர் கடை வேலைக்குத்தான் கொழும்புக்குப் போவோம், தீபாவளிக்குத்தான் ஊருக்கு வருவோம். 5230-ஐ நொக்கியா 2009-இல் அறிவித்தது. அதற்கு முந்தின வருடம் வந்த 5800-இன் மலிவான தம்பி அது. வைஃபை இல்லை, கேமரா 2 மெகாபிக்சல், மற்றபடி அதே 3.2 அங்குல ஸ்கிரீன். மலிவு என்று சொன்னாலும் எங்களுக்கு அது மலிவு இல்லை. 2009 செப்டம்பரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபா, எல்லாப் படியும் சேர்ந்தாலும் 405 ரூபாதான். அம்மாவும் அப்பாவும் மாதம் முழுக்க வேலைக்குப் போய்ப் பேர் போட்டாலும் வீட்டுச் செலவு, கடைக் கடன் போக ஒரு புதுப் போனுக்கு மிஞ்சாது. அதனால் செக்கன்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். வாங்கி முதல் தடவையாக எங்கள் ஊர்ப் பக்கம் போகிற மஸ்கெலியா பஸ்ஸில் மேலே ஏறி வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எந்தப் போன் வாங்கினாலும் தர முடியாது.

முதலில் அந்த ஸ்கிரீன் எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதற்குக் கீழே கண்ணாடி. இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரம் கடத்துகிற ஒரு பூச்சு, இண்டியம் டின் ஆக்சைடு, கண்ணுக்கே தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் மிகச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அழுத்தினால் மேல் படலம் வளைந்து கீழே தொடும், தொட்ட இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து போன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். அவ்வளவுதான். யார் தொடுகிறார்கள், எதால் தொடுகிறார்கள் என்ற கேள்வியே அதற்கு இல்லை. விரல், நகம், பேனா மூடி, கையுறை போட்ட கை, எல்லாம் அதற்கு ஒன்று. பின்பக்க மூடியில் சொருகி வைக்க ஒரு சின்னக் குச்சியும் கூடவே தந்தார்கள்.

இன்றைக்கு இருக்கிற ஸ்கிரீன் வேறு. கண்ணாடிக்கு அடியில் ஒரு மெல்லிய மின்புலம் இருக்கும், நம் உடம்பு மின்சாரம் கடத்துவதால் விரல் கிட்டே போனதும் அந்தப் புலம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் போன் தொடுதலாக எடுத்துக்கொள்கிறது. மிருதுவான தோல் இருக்கிறவர்களுக்கு இது அருமையாக வேலை செய்யும். தோல் தடித்துக் காய்ந்து போயிருந்தால் அந்த மாற்றம் குறைவு, போனுக்குச் சில நேரம் தெரியவே தெரியாது. கண்ணாடியில் தண்ணீர் பட்டாலோ தொடாத இடத்தைத் தொட்டதாக நினைத்துக்கொண்டு தானாக எதையாவது திறக்கும்.

கொழுந்து எடுக்கிறவர்களின் கையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறை ஏறிக் கறுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது, வெடிப்புகளில் அந்தக் கறை அப்படியே நின்றுவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிள்ளினால் விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். அதோடு எங்கள் பக்கத்து மழை, தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்துவிட்டால் படங்கு என்கிற தடித்த விரிப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு நனைந்துகொண்டேதான் மலையில் நிற்பார்கள்.

நான் அடுத்த போனுக்கு மாறியபோது 5230-ஐ அம்மாவிடம் கொடுத்தேன். அதற்கு முன்னால் அம்மா சொந்தமாகப் போன் வைத்திருந்ததில்லை, கொழும்பிலிருந்து நான் எடுத்தால் லயம் என்கிற வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவுக்கு, அதாவது அடுத்த வீட்டுக்கு, ஓடிப் போய்த்தான் பேசுவார். போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நகத்தால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார், திறந்தது. "தம்பி, இந்தப் போனு என் வெரலுக்குக் கேக்குதுடா" என்றார். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, இப்போது அந்த வார்த்தையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் போனில் பெயர்ப் பட்டியலைத் திறந்தால் முதல் தடவை தொடும்போது அந்தப் பெயர் நிறம் மாறி நிற்கும், இரண்டாவது தடவை தொட்டால்தான் உள்ளே போகும். அந்தக் காலத்தில் பலருக்கு இது எரிச்சலாக இருந்தது, ஒரே தொடுதலில் திறக்க வேண்டியதுதானே என்பார்கள். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்குச் சரி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கு அது ஒரு அவகாசம், நிறம் மாறிய பெயரை நிதானமாகப் படித்து, சரிதான் என்று தெரிந்த பிறகு மறுபடி தொடுவார், தெரியாத ஆளுக்குப் போன் போய்விடுமோ என்ற பயம் இல்லாமல். ஸ்கிரீனுக்குக் கீழே பச்சை, சிவப்பு பட்டன்கள் நிஜமான பட்டன்களாக இருந்தன. பக்கவாட்டில் லொக் பண்ண ஒரு இழுப்பு. மழைக்குப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனால், கால் வந்ததும் பையோடு சேர்த்தே அழுத்திப் பேசலாம், பை நனைந்திருந்தாலும் பரவாயில்லை. சார்ஜரும் பழைய நொக்கியாவின் அதே சின்னப் பின். எங்கள் லயத்தில் அது இல்லாத காம்பராவே கிடையாது என்று சொல்லலாம். இதையெல்லாம் மலையகத்துக்காக யாரும் யோசித்துச் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் எங்களுக்கு அப்படி அமைந்தது.

நான் வைத்திருந்த காலத்தில் எனக்கு அந்தப் போனில் பிடித்தது வேறு. தமிழ் வாசிக்கக் கிடைத்தது. அந்தப் போனின் சொந்த பிரவுசரில் எனக்குத் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. ஓபரா மினி என்ற இன்னொரு பிரவுசரைப் போட்டு, முகவரி அடிக்கிற இடத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும், அதில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தவா என்று கடைசிப் பக்கமாக ஒரு வரி இருக்கும், அதை ஆம் என்று மாற்றினால் போதும், ஓபராவின் சர்வரே தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடப் போகும், 50 ரூபா ரீலோட் சீக்கிரம் கரையும், சரி, ஆனால் வீரகேசரி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் வாசிக்கலாம்! இந்த வழியை எனக்குக் காட்டியது பக்கத்துக் கடையில் வேலை செய்த ஒரு அண்ணன், நான் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொருத்தர் போனிலும் அதை மாற்றிக் கொடுத்தேன். சிக்னல் லயத்தில் கிடைக்காது, மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், சாயங்காலமானால் அங்கே ஆளாளுக்குப் போனோடு நிற்பார்கள்.

மன்மதன் கதையைத் தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்தையும் அதில்தான் வீடியோ எடுத்தேன். தப்பு மேளச் சத்தம் அந்தச் சின்ன மைக்குக்குள் அடங்காமல் கரகரவென்றுதான் கேட்கும், இருந்தாலும் புளூடூத்தில் போனுக்குப் போன் தாவித் தோட்டம் முழுக்கப் போனது.

இப்போது அம்மாவிடம் இருப்பது பெரிய ஸ்கிரீன் போன், பேரப்பிள்ளைகளை வீடியோ காலில் பார்க்க வேண்டுமே. யாருடைய தயாரிப்பு என்பது முக்கியமில்லை, எல்லாக் கண்ணாடி ஸ்கிரீனும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். கால் வந்து அடித்துக்கொண்டே இருக்கும், அம்மா பச்சை வட்டத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பார், அது நகராது, கால் நின்றுவிடும். "இது என்னைய மதிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கைரேகை லொக் சுத்தமாக வேலை செய்யவில்லை, கிள்ளிக் கிள்ளி ரேகையே தேய்ந்திருக்கிறது. நாற்பது வருடம் உழைத்த கையைப் பார்த்து, இது விரல் இல்லை என்று ஒரு கண்ணாடி சொல்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வயதானவர்களுக்கு டெக்னாலஜி வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது, வந்ததே, அம்மா 5230-இல் எல்லாம் செய்தாரே.

கையுறையோடு வேலை செய்கிற கண்ணாடி ஸ்கிரீனும் செய்ய முடியும், 2012-இல் வந்த நொக்கியா லூமியா 920-இல் நகத்தாலும் கையுறையாலும் தொடலாம். இன்றைக்கும் சாம்சங் கேலக்ஸி போன்கள் பலவற்றில் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குள் டச் சென்சிடிவிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை ஒன் பண்ணினால் தடித்த விரலுக்கும் ஓரளவு கேட்கும். ஆனால் அதைத் தேடிப் பிடித்து ஒன் பண்ண ஒரு ஆள் வேண்டும். உங்கள் அம்மாவோ அப்பாயியோ போன் கேட்கவில்லை என்று சொன்னால் முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் ஸ்கிரீனில் ஒட்டியிருக்கிற தடித்த கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். விரல் நுனியால் குத்தாமல் உள்பக்கச் சதையால், அல்லது சுண்டுவிரலால் தொடச் சொல்லுங்கள், அங்கே தோல் கொஞ்சம் மிருதுவாக இருக்கும், அம்மாவுக்கு இப்போது அதுதான் கைகொடுக்கிறது. கைரேகையை விட்டுவிட்டு நம்பர் லொக் போட்டுக் கொடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் நீங்கள் மட்டும் டவுனுக்குப் போய் வாங்கி வந்து கையில் திணிக்காமல் அவரையும் கடைக்குக் கூட்டிப் போய், காசு கொடுப்பதற்கு முன்னால், அவர் கையாலேயே ஒரு நம்பரை அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.