லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மட்டக்களப்பில் இப்போது நிறைய வீடுகளில் லவ் பேர்ட்ஸ் கூடு இருக்கிறது. இறகு கொட்டி, புது இறகும் கோணலாக முளைத்தால் சத்துக்குறைவு என்று விட்டமின் துளியோடு நின்றுவிடாதீர்கள். லவ் பேர்ட்ஸ் போன்ற கிளி இனங்களின் அலகு, இறகு இரண்டையும் தாக்கும் சர்க்கோவைரஸாகவும் இருக்கலாம். இதற்கு மருந்தில்லை.

மிகச் சின்ன வைரஸ் இது. கொரோனாவின் மரபணுவில் ஏறக்குறைய 30,000 எழுத்துகள். இதற்கு 2000 அளவில்தான். ஆனால் வேகமாக மாறுகிறது. ஒரே பறவைக்குள் இரண்டு வடிவங்கள் புகுந்தால், தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று உருவாகலாம். பல நாட்டுக் கிளிகளை ஒரே கூட்டில் நெருக்கி விற்பது எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான். அவுஸ்திரேலியாவில் கிளியே அல்லாத பஞ்சுருட்டான் பறவையிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

மொரீசியஸில் மட்டுமே வாழும் எக்கோ கிளிகளையும் இது தாக்கியது. அங்கே கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிய, நம்முடைய அதே பச்சைக்கிளி இனத்திலும் இந்த வைரஸ் இருந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்? புதுப் பறவையை முதலில் தனியாக வையுங்கள். இறகுத் தூளிலும் எச்சத்திலும் பரவும், கூட்டை அடிக்கடி கழுவுங்கள். சந்தேகம் என்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நோயுற்றதை மட்டும் பாவம் பார்த்துத் திறந்துவிடாதீர்கள். உன்னிச்சைப் பக்கம் வயலுக்கு வரும் கிளிகளுக்கும் அது தொற்றலாம்.