சனிக்கிழமைக்கு ஒரு செயலி

குடியை நிறுத்தச் செயலி உதவுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, டாக்டரைப் பார்த்தீர்களா என்பதுதான். வருஷக்கணக்கில் தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குழப்பமும் வரலாம், அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். செயலியெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனி வேலை. இங்கே சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வரும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் கொடுத்தவர்தான் போனில் ஒரு செயலியை ஏற்றிவிட்டார். அதன் பெயர் வேண்டாம், இந்த வகையில் பலவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணும். காலையில் இன்று குடிக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல ஒரு பொத்தான். இரவில் நாள் எப்படிப் போனது என்று ஒரு கேள்வி. எவ்வளவு காசு மிச்சம் என்று ஒரு கணக்கு.

அந்தக் காசுக் கணக்கை நானும் என் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டது. நான் குவார்ட்டர் விலையைச் சொன்னேன். "தண்ணி பாக்கெட்டு, சைடு டிஷ்ஷு, கூட வர்றவங்களுக்கு வாங்கிக் கொடுக்கறது, இதெல்லாம் உங்க தாத்தாவா குடுத்தாருங்க?" என்றாள். அப்புறம் போட்ட தொகை இரண்டு மடங்குக்கு மேல். செயலி காட்டும் மிச்சம் வெறும் எண். நிஜக் காசு கடன்காரனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் தபால் ஆபீஸில் மாதம் மாதம் ஆர்.டி. கட்டத் தொடங்கினாள். அந்தப் பாஸ்புக்கைப் பார்ப்பதில் இருக்கிற திருப்தி செயலியில் எனக்கு வந்ததில்லை.

எல்லோரும் பெரிதாகப் பேசுவது நாள் எண்ணிக்கையைத்தான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. எங்கள் ஏ.ஏ. மீட்டிங்குக்கு வரும் ஒருவர் பல மாதம் சேர்த்த எண்ணிக்கையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு கல்யாண வீட்டில் ஸ்லிப் ஆகிவிட்டது, அதாவது மறுபடி குடித்துவிட்டார். மறுநாள் தேதியை மாற்றியதும் திரையில் பூஜ்யம். அதைப் பார்த்தவர், போனதுதான் போயிற்று என்று அந்த வாரம் முழுக்கக் குடித்தார். அத்தனை மாதம் குடிக்காமல் இருந்ததால் தேறிய ஈரலும், வீட்டில் திரும்பிய பேச்சும் ஒரே இரவில் காணாமல் போய்விடுமா? செயலியைச் செய்தவர்கள் அந்தப் பழைய நாட்களையும் ஒரு மூலையில் காட்டியிருக்கலாம்.

எனக்கு உதவியது இரவுக் கேள்விதான். எப்போது ஆசை வந்தது, பத்துக்கு எவ்வளவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இரண்டு வரி. செயலி ஆங்கிலத்தில் இருந்தாலும் நான் தமிழில்தான் எழுதினேன், தங்லீஷில்கூட. சில வாரம் போனதும் வரைபடமாகக் காட்டியது. சனிக்கிழமை உயர்ந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆர்டர் அவசரத்தில் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களும் அதே உயரத்தில் நின்றன. அதைவிட வேடிக்கை, அக்டோபர் 1. காந்தி ஜெயந்திக்குக் கடை லீவு என்றால் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளும் கூட்டத்தில் வருஷக்கணக்கில் நின்றவன் நான். குடிப்பதை விட்டும் அந்தப் பதற்றம் மட்டும் தேதி தவறாமல் வந்திருக்கிறது! திருவள்ளுவர் தினத்துக்கு முந்தின நாளும் அப்படியே. இதை எழுதி வைக்காமல் நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

அப்புறம் அன்றாட வழக்கத்தையே கொஞ்சம் மாற்றினோம். சனிக்கிழமை ஆறு மணிக்கு அலாரம். அடித்ததும் முதலில் சாப்பாடு. சம்பளத்தை வாங்கியதும் கூகுள் பேயில் மனைவிக்கு அனுப்பிவிடுவேன். டாஸ்மாக் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. பத்து அடித்தால் தப்பித்தோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பத்துக்கு மேல் பிளாக்கில் எங்கே கிடைக்கும் என்பது குடித்தவனுக்குத் தெரியாதா? அதனால் பத்தரைக்கும் ஓர் அலாரம்.

ஆசை வரும்போது அழுத்த ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு வட்டம் விரியும், சுருங்கும்; அதைப் பார்த்து மூச்சு விட வேண்டும். பக்கத்தில் பஸ் ஹாரன் அடிக்கும்போது அந்த வட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூடவே இருபது நிமிட டைமர் ஒன்று இருந்தது, அது நல்ல பொருள். குடிக்கிற ஆசை அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும், அதோடு சண்டை போடாமல் கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்று ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லிக்கொடுத்த முறை இது. டைமரைத் தட்டிவிட்டு என் ஸ்பான்சருக்கு, அதாவது ஏ.ஏ.வில் எனக்கு வழித்துணையாக இருக்கும் மூத்தவருக்கு, போன் போடுவேன். அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"சாப்புட்டியா தம்பி?"

"இல்லீங்ணா."

"மொதல்ல சாப்புடு. அப்புறம் பேசு."

பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கிலும் ஜாக்கிரதை என்று மீட்டிங்கில் சொல்வதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் ஏ.ஏ. தொடங்கியதே ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் உட்கார்ந்து பேசியதில்தான். செயலியில் பயனர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பகுதியில், வெள்ளைக்காரர்கள் நடுவில், நானும் எழுதிப் பார்த்தேன். அன்பாகத்தான் பதில் போட்டார்கள். ஆனால் மாமனார் வீட்டு விருந்தில் மச்சான் கிளாஸை நீட்டும்போது எப்படி மறுப்பது என்பதை அவர்களிடம் கேட்க முடியாது.

செயலியே வீண் என்று சொல்லவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஏ-செஸ் என்ற செயலியை, உள்நோயாளியாகச் சிகிச்சை முடித்த 349 பேரை வைத்துச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான கவனிப்போடு செயலியும் கிடைத்தவர்களுக்கு, 30 நாளில் அளவு மீறிக் குடித்த நாள் சராசரியாக 1.39, மற்றவர்களுக்கு 2.75. பழைய குடி இடத்துக்குப் பக்கத்தில் போனால் எச்சரிக்கவும், அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடவும் அதில் வசதி உண்டு. என் போனில் அது இல்லை. நானே பஸ் ஸ்டாப்பை மாற்றிக்கொண்டேன்.

இலவசச் செயலியில் விளம்பரம் வரும். ஒரு தடவை உறுதிமொழிப் பொத்தானுக்குக் கீழேயே ஒரு சரக்கு கம்பெனி பெயரில் சோடா விளம்பரம். எந்தச் சோடா என்று எங்களுக்குத் தெரியாதா! மனைவியிடம் காட்டிச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. காசு கட்டி விளம்பரத்தை நிறுத்தினோம். மது மீட்புச் சேவை நடத்திய ஓர் அமெரிக்க நிறுவனம், பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக வெளியே கொடுத்ததாக அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்தது. அதனால் என் செயலியில் நிஜப் பெயரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை.

இப்போது மீட்டிங்குக்குப் புதிதாக வருபவர்கள் எந்தச் செயலி என்று கேட்டால், டீக்கடையில் உட்கார்ந்து போனை வாங்கிக்கொள்வேன். முதலில், கூடக் குடிக்கும் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேற வைப்பேன். ஸ்பான்சர் எண்ணை முகப்புத் திரையில் வைப்பேன். ராத்திரி நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் கூப்பிட 14416, அது அரசின் இலவச மனநல உதவி எண். போதை மீட்புக்கென்றே 14446. பூட்டிய திரையில் அறிவிப்பு தெரியாதபடி மாற்றுவேன், சூப்பர்வைசர் கண்ணில் படக்கூடாது. கடைசியில்தான் செயலி. முதல் மாதம் எண்ணிக்கையைப் பார்க்காதே, இரவு இரண்டு வரி மட்டும் எழுது என்பேன். பாதிப் பேர் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் பிடிவாதமாக நாலைந்து மாதம் தாண்டிவிட்டார், அவரிடம் நான் வாயைத் திறப்பதில்லை.