வண்டிப்பாதை புறம்போக்கு: சேர்வராயன் மலையில் ஒரு ஜீப் தடத்துக்காக அலைந்த மூன்று ஆண்டுகள்

குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலையிலிருந்து பிரிந்து, சேர்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஒரு மலைக்கிராமத்தைத் தொட்டு, அடிவாரம் வரை இறங்கும் பழைய வண்டிப்பாட்டை ஒன்று உண்டு. காப்பித் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டியில் மூட்டை இறக்கிய பாதை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சேலத்தைச் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர், பெரும்பாலும் பழைய மகிந்திரா ஜீப்களும் இரண்டு மாருதி ஜிப்சிகளும் வைத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஓட்டிவந்தோம். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

2022 பிப்ரவரியில் ஒரு காலை, வனக்காப்பாளர் ஒருவர் எங்களை வழிமறித்தார். காட்டுத்தீக் காலம் அது. சருகு முழங்கால் அளவு கிடந்தது. சூடான சைலன்சரோடு அதன் மேல் போவது என்ன என்று அவர் விளக்கத் தேவையே இருக்கவில்லை. வண்டி எண்களைக் குறித்துக்கொண்டு, அபராதம் போடாமல், "சார், இது காப்புக்காடு. அடுத்த தடவை வழக்குதான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். முறையாக அனுமதி பெற்று, முடிந்தால் அரசு நிதியும் பெற்று, அந்தப் பாதையைச் செப்பனிட்டு ஓட்டுவோம் என்று அன்று மாலையே முடிவு செய்தோம். அது மூன்று ஆண்டு வேலை என்று அப்போது தெரியாது.

முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வரிசையில் நின்று, "ஜீப் தடம் அமைத்துத் தரக் கோருதல்" என்று பொருள் எழுதிய மனுவைக் கொடுத்தோம். மனு மூன்று துறைகளுக்குப் பிரிந்து சென்றது. இரண்டு இடங்களிலிருந்து, இது தங்கள் அலுவலகம் தொடர்புடையதன்று என்று பதில் வந்தது. மூன்றாவது இடத்தில் மனு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, 30 நாள் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, கோப்பு வேறொரு பிரிவில் இருப்பதாக ஒரு வரி வந்து சேர்ந்தது. இதில் நான் யாரையும் குறை சொல்வதற்கில்லை. "ஜீப் தடம்" என்ற ஒன்று எந்தத் துறையின் பதிவேட்டிலும் இல்லாதபோது, அந்தக் காகிதத்தை எந்த மேசையில் வைப்பது என்று எழுத்தருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் குழுவில் ஒருவர் ஓய்வுபெற்ற நில அளவர். "மனு எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் அந்தப் பாதை எந்தெந்த சர்வே எண்ணில் போகிறது என்று பாருங்கள்" என்று அவர் சொன்னதிலிருந்துதான் காரியம் நகர்ந்தது. கைப்பேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்தபடி ஒருநாள் முழுப் பாதையையும் நடந்தோம். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வந்தது. பிறகு இணையத்தில் புலப்படங்களையும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டு (ஊரின் நில விவரப் பதிவேடு) விவரங்களையும் இறக்கி, அஸ்தம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை மேசையில் பரப்பி ஒட்டினோம். அளவுத்திட்டம் தாளுக்குத் தாள் மாறுவதால் ஒரு படத்தின் கோடு அடுத்த படத்தின் கோட்டோடு பொருந்தாது. சிலவற்றைப் பெரிதாக்கியும் சிலவற்றைச் சிறிதாக்கியும் மறுபடி நகலெடுத்து, கடைக்காரர் பொறுமையிழக்கும் நேரத்தில் ஒருவழியாகப் பாதை முழுமையாகத் தெரிந்தது. மேலே 4.2 கிலோமீட்டர் மூன்று எஸ்டேட்டுகளின் பட்டா நிலம். அதையடுத்து ஊரை ஒட்டி 640 மீட்டர், 'அ' பதிவேட்டில் "அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை" என்று இருந்தது. அதன்பின் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தீர்வை ஏற்படாத தரிசு, அதாவது நிலவரி விதிக்கப்படாத அரசு நிலம். மீதி ஐந்து கிலோமீட்டருக்குப் புலப்படமே இல்லை. அங்கே எங்கள் கோடு வெற்றுத்தாளில் போய் நின்றது. அதுதான் காப்புக்காடு.

ஆக, நாங்கள் ஒரே பாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் நான்கு வகை நிலம். நான்குக்கும் உடையவர் வேறு, சட்டம் வேறு. இந்த வேலையில் இறங்கும் எவரும் மனு எழுதுவதற்கு முன் இந்த ஒட்டுப்படத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பேன்.

காப்புக்காட்டுப் பகுதியில் பதில் தெளிவாகவும் விரைவாகவும் கிடைத்தது: இயலாது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதே குற்றம். வன நிலத்தை வனமல்லாத காரியத்துக்குப் பயன்படுத்த 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தில் சாலை, பள்ளி, குடிநீர் போன்ற வசதிகளுக்கு கிராம சபையின் பரிந்துரையோடு வழி இருக்கிறது. ஆனால் அது காட்டில் வாழும் மக்களுக்கான வழி. சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருபவர்களுக்கானதன்று. எங்களிடம் பேசிய வனத்துறை அதிகாரி இதை மரியாதையாகவே சொன்னார். 2018இல் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு, நடந்து போகிறவர்களுக்கே தனி விதிகள் வந்துவிட்டதையும் நினைவூட்டினார். (அந்த மலையேற்றத்துக்கு 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 வழித்தடங்களை அரசு திறந்தது. சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை. அது சரி என்றுதான் இப்போது எனக்கும் படுகிறது. அந்த ஐந்து கிலோமீட்டரில் காட்டுமாடு கூட்டமாக இறங்குவதைப் பின்னாளில் ஒரு மாலையில் சாலையிலிருந்தே பார்த்தேன்.) அந்தப் பகுதியை அத்தோடு கைவிட்டோம்.

நிதிக்காக அலைந்த கதை தனி. என் அத்தை மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே 1971இலேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது என்றும், சாலையில் ஓடாத வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணம் வாங்கி, அவை எரிக்கும் பெட்ரோலுக்கான வரியில் ஒரு பங்கையும் சேர்த்து, தடங்களைப் பராமரிக்கச் செலவிடுகிறார்கள் என்றும் சொன்னான். 1991 முதல் அந்நாட்டின் மத்திய அரசும் எரிபொருள் வரியிலிருந்து பொழுதுபோக்குத் தடங்களுக்கு நிதி ஒதுக்குகிறது. அதில் 30 விழுக்காடு மோட்டார் வண்டித் தடங்களுக்கு. ஆனால் அதே நாட்டில், 2005 விதிப்படி தேசியக் காடுகளில் வரைபடத்தில் குறித்த வழிகளைத் தவிர வேறெங்கும் வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் அவன் சொன்னான். அந்தப் பாதியை எங்கள் கூட்டத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. நாமும் டீசலுக்கு வரி கட்டுகிறோம், நமக்கும் தரட்டும் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசினார். இங்கே எரிபொருள் மீதான மேல்வரி மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதிக்குப் போகிறது. சாலைக்குத் தருவார்கள். சாலை இல்லாமல் இருப்பதற்காகவே நாங்கள் விரும்பிய ஒன்றுக்கு எந்தத் தலைப்பில் தருவார்கள்?

2023 செப்டம்பரில் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையில் சாகசச் சுற்றுலாவுக்கு இடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனபோது, நிலத்தின் ஆவணம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதைத் தனியார் பட்டா நிலத்தில் எங்களைப் போன்றோருக்காகச் செலவிட முடியாது, பொதுப் பயன்பாட்டுக்கான சொத்தாக இருக்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டினாலும் இரண்டே கேள்விகள் வந்தன: நிலம் பொதுவா, பயன் பொதுவா. எங்கள் 11 கிலோமீட்டரில் இரண்டுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியது அந்த 640 மீட்டர் வண்டிப்பாதை புறம்போக்கு ஒன்றுதான்.

அதற்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒரு பொறியாளர் வழி காட்டினார். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் தங்கள் பங்களிப்பைக் கட்டினால் மீதியை அரசு போடும்; ஆனால் கோரிக்கை ஊரிலிருந்து வர வேண்டும், கிராம சபைத் தீர்மானம் இருந்தால் நல்லது என்றார். அடுத்து வந்த கிராம சபைக்குப் போனோம்.

அந்த ஊரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பள்ளி வளாகத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தரப்பை நான் எழுந்து, கொஞ்சம் நீளமாகவே, பாரம்பரியப் பாதை, சுற்றுலா வருமானம் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, எழாமலே, "நீங்க ஞாயித்துக்கெழம வந்து குழி பறிச்சிட்டுப் போயிருவீங்க. திங்கக்கெழம எம் மருமகன் அதுல பிக்கப்புல மொளகு ஏத்திட்டுப் போவணும். அந்தக் குழிய யாருங்க மூடுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் நாங்கள் சக்கரத்தைச் சுழலவிட்டு ஏறியதை வீடியோ எடுத்து ரசித்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு சுழற்சியும் ஒரு சாண் மண்ணைத் தோண்டி, வடகிழக்குப் பருவமழை அதை ஓடையாக்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பங்களிப்பை நாங்கள் கட்டுகிறோம், வேலை எப்படி வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்யட்டும் என்று எங்கள் நில அளவர் எழுந்து சொன்னார். தீர்மானம் நிறைவேறியது.

நாங்கள் எதிர்பார்த்தது கல் பதித்த பாதை. பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்வரிசை வைத்து, தண்ணீரைப் பத்தடிக்கு ஒருமுறை சரிவுக்குத் தள்ளிவிட்டால் மண் அரிக்காது. ஜீப்புக்கும் அது சுவையாக இருக்கும். ஊர் கேட்டது சிமெண்ட். மிகச் செங்குத்தான 210 மீட்டருக்கு மட்டும் 9.6 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு போட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 லட்சம், எங்களுடையது. ஆளுக்கு 35,000 ரூபாய்க்குச் சற்று மேல். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டாலொழிய ஏற முடியாத, எங்களுக்கு மிகப் பிடித்த அந்தப் பாறை மேட்டைக் காங்கிரீட்டால் மூடுவதற்கு நாங்களே வரைவோலை எடுத்துக் கொடுத்தோம். வங்கியில் கையெழுத்துப் போடும்போது எங்களில் ஒருவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. 2024 கோடைக்குள் வேலை முடிந்தது.

பிறகு பட்டா நிலம். மூன்று எஸ்டேட்டுகளில் இரண்டின் உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் கேட்ட கேள்விகள் எந்த அலுவலகத்திலும் கேட்காதவை. விபத்து நடந்தால் யார் பொறுப்பு? காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்தால், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது என்று அச்சிட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி பொது இடத்தில் அரசின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிப் பந்தயம் நடத்துவதும் குற்றம். எனவே நேரம் கணக்கிடுவதில்லை, போட்டி வைப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருவதால் புதிதாக மண் வெட்டுவதில்லை, மரம் தொடுவதில்லை என்றும் எழுதினோம். வனம் என்ற சொல்லை உடைமை பாராமல் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பட்டாவாக இருந்தாலும் மரம் அடர்ந்த துண்டுகளைப் பற்றி எஸ்டேட்காரர்களுக்கு ஓர் அச்சம் உண்டு. ஆகவே சில்வர் ஓக் வரிசைகளுக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் எஸ்டேட் பாதையை விட்டு ஒரு சக்கரமும் விலகக் கூடாது. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அனுமதி இல்லை. கோடையில் பூ மழை (காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் மழை) பெய்தால் அதிலிருந்து பத்து நாள் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வடிகால் வரிசைகளை நாங்கள் கையால் சரிசெய்து தர வேண்டும்.

இப்படியாக, 11 கிலோமீட்டர் கேட்டுத் தொடங்கிய எங்களிடம் இன்று இருப்பது, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தோடு, ஒரு எஸ்டேட்டுக்குள் 1.8 கிலோமீட்டர். அதற்குப் போகும் வழியில்தான் அந்தச் சிமெண்ட் மேடு. முன்பு இருபது நிமிடம் போராடி ஏறிய இடத்தை இப்போது இரண்டாம் கியரில், ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். அதன் மேல்முனையில் வைத்திருக்கும் பலகையில் திட்டத்தின் பெயர், மதிப்பீடு, பொதுமக்கள் பங்களிப்பு என்று மூன்று வரிகள் உள்ளன. சென்ற முறை நாங்கள் இறங்கும்போது எதிரே மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று வந்தது. மேடேறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பதால், ஐந்து ஜீப்பையும் பின்னோக்கி எடுத்து, பலகையருகே ஒதுக்கி நிறுத்தினோம். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நிற்காமல் மேலே போனார்.